மச்சம் இல்லாத முகம்

“பைய விடுய்யா, யாருய்யா நீ” என்று அந்தப் பெண் ஒன்றும் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் விளாத்திகுளம் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காளிராஜின் கை இன்னும் பையின் காதைப் பிடித்தபடியே இருந்தது, கைக்குச் சேதி போய்ச் சேரக் கொஞ்சம் நேரமானது. பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம், கழுத்தில் மஞ்சள் கயிறு, உயரமும் சரியாக இருந்தது, இவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அவ்வளவு போதாதா. அவள் சிரித்தது இவனுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்து. அவன் இப்போது முன்னால் வந்து, “என்னண்ணே, யாரு பொண்டாட்டிய யாரு கூட்டிட்டுப் போறது” என்றான், நல்லவேளையாகச் சிரித்துக்கொண்டே. “இல்லண்ணே, நம்ம வீட்லயும் பச்சதான் கட்டிட்டு வருவாக” என்று காளிராஜ் வாய்க்கு வந்ததை உளறினான். “ஆவணி ஒண்ணாந்தேதின்னா இப்படித்தான், பாத்துப் பிடிங்கண்ணே” என்று பையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். கண்டக்டர் சிரித்தார். பூக்காரம்மா சிரித்தாள். பின்படி வழியாகக் கடைசியாக இறங்கிய ஊதாச் சுடிதார்க்காரி மட்டும் சிரிக்கவில்லை, இறங்கிய இடத்திலேயே நின்று இவனைப் பார்த்தாள். எல்லாத்தையும் பார்த்துவிட்டாள் போல. காளிராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டி காலி. முத்துச்செல்வி வரவில்லை. வைகாசியில் இவன் தாலி கட்டிய பெண்டாட்டி, ஆடி பிறந்ததும் வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போனவள், ஆவணி ஒன்றாந்தேதி நாலு பத்து வண்டியில் அருப்புக்கோட்டை வந்து இறங்குகிறேன் என்று சொன்னவள், வரவில்லை. இல்லாவிட்டால் வந்து, இவன் கண் முன்னாலேயே இறங்கி, இவனைத் தாண்டிப் போய்விட்டாள். இரண்டில் எது என்று இவனுக்குத் தெரியாது. அதுதான் பிரச்சினையே.

சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அடுத்த விளாத்திகுளம் வண்டி நாலு அம்பத்தஞ்சுக்கு. போனை எடுத்து அவளுக்கு அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டிக்குள் பாட்டை அலறவிட்டிருப்பான், கேட்டிருக்காது. மணி போய்க்கொண்டிருக்கும்போதே பெஞ்சின் அந்தக் கோடியில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஓரக்கண்ணில் ஊதாவாகப் பட்டது, இவன் திரும்பவில்லை. திரும்பி என்ன ஆகப்போகிறது. பார்த்தால் கண் தெரியும், மூக்கு தெரியும், வாய் தெரியும். பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது, ரோட்டுத் திருப்பத்தில் வரும் வண்டியின் போர்டை இங்கிருந்தே வாசிப்பான். கண்ணும் மூக்கும் வாயும் கூடி ஓர் ஆளாக நிற்காது, அவ்வளவுதான். வாளித் தண்ணீரில் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ வாளியைத் தட்டிவிட்ட மாதிரி, எல்லாம் அங்கேயேதான் மிதக்கும், எதுவும் எதோடும் ஒட்டாது. தலையைத் திருப்பினால் அதுவும் போச்சு. இதற்கு ஒரு பேர் இருக்குமோ என்னமோ, யாரும் இவனுக்குச் சொன்னதில்லை. அக்கா பாக்கியம் மட்டும் “எந்தம்பிக்கு மூஞ்சி நிக்காது” என்பாள், சில பிள்ளைகளுக்கு வயிற்றில் சோறு நிற்காது என்பதுபோல. ஆனால் மோட்டார் நிற்கும். எரிந்த மோட்டாருக்குக் கம்பிச் சுருள் மாற்றி காயில் கட்டுகிற கடையில் இவனுக்கு வேலை, அங்கே முப்பது மோட்டார் வரிசையாகக் கிடக்கும், எல்லாம் ஒரே சைஸ், ஒரே பச்சை பெயிண்டு, இவன் கண்ணை ஓட்டினால் போதும், இது பாலவநத்தம் கிணத்து மோட்டார், மூடியில் ஒரு போல்ட்டு மட்டும் புதுசு, இது பந்தல்குடிக்காரருடையது, எரிந்தபோது புளிச்ச வாடை அடித்தது, இது மில் காலனி, இழுத்துக்கொண்டு வந்ததில் காலில் கீறல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூஞ்சி இருக்கிறது. கொண்டுவந்த ஆட்களுக்குத்தான் இல்லை. ஒரு நாள் காலையில் பனியனோடு ஒருவர் மோட்டாரை இறக்கிவிட்டுப் போனார், சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து “என்னாச்சு தம்பி” என்று கேட்டார். இவன் ரொம்பப் பொறுமையாக, “காலைல ஒரு கூமுட்டை கொண்டாந்து போட்டாருண்ணே, தண்ணி இல்லாமலே ஓட்டிருக்காரு” என்று அவரிடமே விளக்கினான். அப்புறம் ஒரு மாதம் அவர் வேறு கடைக்குப் போனார். போகட்டும், கூமுட்டை வேலைதான் அவர் பார்த்தது. இப்போது யார் வந்து நின்றாலும் “எதுண்ணே உங்களது, கைய வச்சுக் காட்டுங்க” என்று கேட்டுவிடுகிறான். கையை வைத்ததும் ஆள் தெரிந்துவிடும். பெண்டாட்டியை அப்படிக் கேட்க முடியாது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டீசல் புகையும் பூக்காரம்மா தெளித்த தண்ணீரின் வாசமும் கலந்து கண்ணைச் சொருகியது, பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி, ஆட்கள் நடக்கவில்லை, மெதுவாக நீந்திப் போனார்கள். சட்டை போகிறது, செருப்பு போகிறது, நடை போகிறது. நடையை வைத்து நிறையப் பேரைப் பிடித்துவிடலாம். இருமலை வைத்துப் பிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில்தான் முடியாது, யூனிபார்ம் என்று ஒன்றை எவன் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை, அவனை இவன் கையில் கொடுத்தால் இரண்டு கேள்வி கேட்பான். எழுநூறு பேர் ஒரே காக்கியும் வெள்ளையுமாக நிற்பார்கள். பதினொன்றாம் வகுப்பில் இவனுக்கு ஒரே ஒரு கூட்டாளி, அவன் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கு அவனும் போனான், “ஏன்டா கண்டுக்காமப் போற, திமிரா” என்று சண்டைக்கு வந்தான். கட்டைக் குரலில் அவன் திட்டத் திட்டத்தான் ஓஹோ இவனா என்று தெரிந்தது, அதற்குள் மூக்கில் ரத்தம். அப்புறம் தமிழய்யா சந்தையில் லுங்கியோடு நின்றபோது இவன் அவரைத் தள்ளிவிட்டு வெங்காயம் பொறுக்கினான். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வெளியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டான். நின்றதற்கு வருத்தமெல்லாம் இல்லை. சலூனில் ஒரு தடவை நாலு பேர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், அதில் இவன் எது என்று இவனுக்கே பிடிபடவில்லை. துணிக்குள்ளிருந்து கையைத் தூக்கினான், மூன்றாவது ஆள் தூக்கினான். சரி, நான்தான் மூணாவது. அந்த மூன்றாவது ஆளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் மாதிரி தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் கல்யாண வீடுகள். யாராவது ஒருத்தர் வந்து தோளைப் பிடித்து ஆட்டி, “என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்” என்பார். இந்த ஊரில் யாரும் தன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, பரீட்சைதான் வைப்பார்கள். பாக்கியக்கா பின்னாலேயே நின்று காதில் “கோயில்பட்டி மாமா” என்பாள், இவன் உடனே “மாமா, சௌக்கியமா” என்பான். அம்மா போனபிறகு இவனுக்குச் சோறு போட்டதைவிட அக்கா அதிகமாகப் போட்டது இந்தப் பேர்களைத்தான். இவனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அக்கா பக்கத்தில் இருந்தாள். பெண் பார்த்ததில் ஒரு குழப்பமும் இல்லை, காப்பித் தட்டைக் கொண்டுவந்தவள்தான் பெண். கல்யாணத்திலும் இல்லை, மாலை போட்டிருந்தவள்தான். இவ்வளவு சுலபமாக ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்றால் உலகத்தில் எல்லாரும் மாலை போட்டுக்கொண்டே திரியலாமே என்று மணவறையில் உட்கார்ந்து யோசித்தான். மறுநாள் காலையில் மாலை இல்லை. அவள் சித்தி மகள்கள் நாலைந்து பேர் பட்டுச் சேலையோடு வீட்டுக்குள் அலைந்தார்கள், எல்லார் தலையிலும் மல்லிகை, இவன் ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டான். அப்புறம்தான் புத்தி வந்தது. புதுப்பெண்ணுக்கு என்று சில அடையாளம் இருக்கிறது. கை நிறைய மருதாணி. கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு, கிட்டே வந்தால் மஞ்சள் மணக்கும். புது மெட்டி கடித்ததால் இடது காலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்தாள். அப்புறம் குரல். “ஏங்க” என்று கூப்பிட்டால் கடைசியை இழுத்துக்கொண்டே போவாள், இந்தப் பக்கம் யாரும் அப்படி இழுக்க மாட்டார்கள். சிரிப்பு முதலில் மூக்கில் வரும், பிறகுதான் வாய்க்கு வரும். ஆனி மாதம் முழுக்க இவனுக்குப் பண்டிகைதான். வீட்டுக்குள் இரண்டே பெண்கள், மெட்டி தூக்கி நடப்பவள் பெண்டாட்டி, மற்றது அக்கா. விடியற்காலையில் அவள் தூங்கும்போது எழுந்து உட்கார்ந்து பாடம் படிக்கிற மாதிரி அந்த முகத்தைப் படித்தான். நெற்றி. புருவம். இரண்டு புருவத்துக்கும் நடுவில் கலைந்த பொட்டு. மூக்கின் நுனியில் ஒரு பளபளப்பு. கன்னத்தில் தலையணை மடிப்பு. கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பான், வார்த்தை வரும், முகம் வராது. “ஒரு மச்சம் கிச்சம் இருக்கான்னு பாருடா” என்று அக்கா சொன்னாள். அதையும் தேடினான், அவள் முழித்துக்கொண்டு “என்னத்தப் பாக்கீங்க” என்று கேட்டாள். “சும்மா.” “சும்மாவா இம்புட்டு நேரமா?” அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். தன்னை ஒருத்தன் இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அது பொய்யும் இல்லை. ஆனால் மச்சம் இல்லை. சாமி அந்த முகத்தில் ஒரு புள்ளிகூட வைக்காமல் அனுப்பியிருந்தது.

ஆடியில் போனாள். பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குப் போன் பண்ணினாள். “இன்னைக்குத் தாலி பிரிச்சுக் கோத்தாச்சுங்க. கயிறு இல்ல, செயின்ல போட்டாச்சு. மெட்டியும் இப்ப கடிக்கல.” சந்தோசமாகச் சொன்னாள். இவனும் சந்தோசமாக “அப்படியா” என்றான், ஆனால் யாரோ வந்து அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு போவது மாதிரி இருந்தது, கயிறு போச்சு, நடை போச்சு, மருதாணி எப்போதோ போயிருக்கும். மிச்சம் முகம்தான். அதைத்தான் தெரியாது. கயிறு மாறிவிட்டது என்று அவள் சொல்லியும், இன்றைக்கு மஞ்சள் கயிறைக் கண்டதும் கை போய்விட்டது பார், அந்தப் பச்சைச் சேலைக்காரியிடம், கைக்கு ஆனி மாதமே இன்னும் முடியவில்லை. காலையில் அக்கா சொல்லிக்கொடுத்தபடி போனில் “என்ன சேல கட்டிட்டு வார” என்று கேட்டுக்கூடப் பார்த்தான். “வந்து பாருங்க” என்று சிரித்தாள். வந்து பாருங்களாம். அவள் அப்பாவுக்குக் காய்ச்சல், தம்பி வண்டி ஏற்றிவிடுவான், தனியாகத்தான் வருவாள். அக்காவைக் கூட்டி வரலாம் என்றால் அக்கா ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், போகிற அவசரத்திலும் வாசலில் நின்று, “வண்டி வந்ததும் போன் அடி. எவ போன எடுத்துக் காதுல வைக்கிறாளோ அவதான் உம்பொண்டாட்டி. பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. அப்புறம், செத்தாலும் அவகிட்ட உன் விசயத்தச் சொல்லிராத. கட்டுன பொண்டாட்டிய அடையாளம் தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டமேன்னு அவுக வீட்ல ஊரக் கூட்டிருவாக. மூளக் கோளாறுன்னு ஒரு வார்த்த எந்திரிச்சா உக்காராது” என்றாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை நாளைக்கு என்று இவன் கேட்டபோது, அக்கா பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

மைக்கில் டைம்கீப்பர் ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை, ஒரு வண்டி வளைந்து வந்து நின்றது, போர்டில் வேறு என்னவோ எழுதியிருந்தது, திருப்பி மாட்டாமலே வந்துவிட்டான் போல. காளிராஜ் எழுந்தான். பெஞ்சுக் கோடியில் அந்த ஊதாச் சுடிதார்க்காரி இன்னும் இருந்தாள். “ஏங்க, இது விளாத்திகுளத்துல இருந்து வர்ற வண்டிதானுங்களா?” என்று கேட்டான். அவள் இவனை நிமிர்ந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். ஊமையோ என்று நினைத்துக்கொண்டே ஓடினான். படியிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். ஆவணி ஒன்று என்றால் சும்மாவா, ஒரு மாதமாகத் தேக்கி வைத்த புதுப்பெண்களை எல்லாம் அன்றைக்குத்தான் திறந்து விடுகிறார்கள், ரோஸ், மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, தூக்குச்சட்டி, பலகாரப் பை, எல்லார் கண்ணும் யாரையோ தேடுகிறது, தேடுகிற கண் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. போனை அடித்தான். மணி போகிறது. ரோஸ் சேலைக்காரி போனை எடுத்துக் காதில் வைத்தாள். மாம்பழ மஞ்சளும் வைத்தாள். ஓர் ஆண்டவன் இருந்தால் இப்படிச் செய்வானா. இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள், இவன் காதில் மணிதான் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் இரண்டு பேரும் இல்லை. ரோஸுக்கு ஒருத்தன் வந்தான். மஞ்சளுக்கு மாமனார் வந்தார். மயில் கழுத்து இவனைப் பார்த்தது, இவன் பார்த்தான், சிரிக்கலாமா வேண்டாமா என்று வாய் பாதியில் நின்றது, அது முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொருத்தியாக யாராவது வந்து பேர் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள், தூரத்திலேயே கண்டுபிடித்து, கையைத் தூக்கி, யோசிக்காமல். எப்படித்தான் செய்கிறார்களோ. இவர்கள் எல்லாருக்கும் யார் சொல்லிக் கொடுத்தது. முத்துச்செல்வி இந்த வண்டியிலும் வரவில்லை என்றால் எங்கே போனாள், இவன் கண்டுகொள்ளாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போயிருப்பாளா, அல்லது இவ்வளவுதானா இவன் லட்சணம் என்று வந்த வழியே திரும்பியிருப்பாளா. பெஞ்சுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் பட்டது, அவள் இப்போது எதிரே வந்து நின்றாலும் இது அவள் இல்லை என்று சொல்லவும் இவனால் முடியாது. ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களும் அவளாக இருக்கலாம். ஒருத்தியும் அவள் இல்லாமலும் இருக்கலாம்.

“ஏங்க” என்றது பெஞ்சின் அந்தக் கோடி. கடைசி எழுத்து இழுபட்டு இழுபட்டு வந்தது. ஊதாத் துப்பட்டாவுக்கு மேலே அலைந்துகொண்டிருந்த கண்ணும் மூக்கும் வாயும் அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று கூடின, அங்கே முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். “நாலு பத்துக்கே வந்துட்டேன்” என்றாள். “பின்படில எறங்குனேன். நீங்க எவளோ ஒருத்தி பையப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க. என்னையப் பாத்தீங்க, மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. சரி, வெளையாடுதீக போலன்னு வந்து பக்கத்துல உக்காந்தேன். உக்காந்துக்கிட்டே எனக்குப் போன் அடிக்கீங்க, எங்கையில கிடந்து அது அதிருது, திரும்பிக்கூடப் பாக்கல. எடுக்கத் தோணல எனக்கு. எம்புட்டுத் தூரம் போறீகன்னு பாப்போம்னு இருந்தேன். எங்கிட்டயே வந்து எந்த ஊரு வண்டின்னு கேக்கீங்க, யாரோ எவரோ மாதிரி, வாங்க போங்கன்னு.” குரல் உடையவில்லை, ஆனால் உடையாமல் இருக்க அவள் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். எதிரே விளாத்திகுளம் திரும்பிப் போகிற வண்டியில் டிரைவர் ஏறி உட்கார்ந்து இஞ்சினைப் போட்டார். “அஞ்சு இருவதுக்கு எடுத்துருவான்” என்றாள். “வெளையாட்டுக்குத்தான் பண்ணுனீகன்னா சொல்லுங்க, நம்பிக்கிடுதேன், எந்திரிச்சு வந்துருதேன். என்னையப் பிடிக்கலன்னா அதையும் இப்பவே சொல்லிருங்க. ரெண்டுல ஒண்ணு.” சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள், மூடியதுமே முகம் ஓரங்களில் கலையத் தொடங்கியது, புருவம் தனியாக, மூக்கு தனியாக. இந்த இடத்துக்கும் அக்கா பாடம் நடத்தித்தான் அனுப்பியிருந்தாள். “என்னைக்காவது மாட்டிக்கிட்டா முழிக்காத. சிரி. சும்மா வெளையாண்டேன்டி, ஏமாந்தியான்னு கேளு. ரெண்டு நாள் மொறைப்பா, மூணாம் நாள் அவளே சிரிப்பா. வேற எதையும் வாயத் திறந்து சொல்லிராத.” அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே நுழைய வேண்டியதுதான் பாக்கி. வாய்கூடச் சிரிக்கிறதுக்கு ஒரு பக்கமாகப் போனது. காளிராஜ் சிரிக்கவில்லை. “வெளையாட்டு இல்ல செல்வி” என்றான். “நீ பேசுற வரைக்கும் இது நீதான்னு எனக்குத் தெரியல.”